எல்லாவற்றுக்கும் 'யா' சொன்னவர்கள்

ஜெர்மனிக்குப் புறப்படும் நர்ஸ் பிள்ளைகளை வாழ்த்தி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். வாழ்த்துகிறேன். அந்த வேலை முடிந்தது. இனி உபயோகமாக ஏதாவது பேசுவோம்.

நீங்கள் எல்லோரும் மொழிப் பரீட்சையில் தேறியவர்கள். ரயில் டிக்கெட் வாங்குவது, ஆப்பிள் விலை கேட்பது, 'என் பொழுதுபோக்கு மலையேற்றம்' என்று கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்துகொண்டு புளுகுவது, எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. மெத்த மகிழ்ச்சி. நான் போனது அறுபதுகளின் கடைசியில். எங்களுக்குப் பரீட்சையெல்லாம் கிடையாது. எங்கள் பங்குச் சாமியார், தனக்குத் தெரிந்த ஒரு மடத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குப் பெண்கள் வேண்டுமாம் என்றார். என் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். 'பனி கொட்டுற ஊராம், கம்பளிச் சட்டை அவங்களே தருவாங்களாம்' என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் ஜெர்மனியைப் பற்றித் தெரியாது. அந்த அறிவோடு கிளம்பினேன்.

கூட வந்தவள் கஸ்தூரி. பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண். கன்னியர் பள்ளியில் என் வகுப்பு. அவள் வீட்டில் கும்பிட்டது அம்மனை. சாமியாருக்கு ஆள் ஒன்று குறைந்ததால் அம்மனும் ஆட்சேபிக்கவில்லை, மாதாவும் ஆட்சேபிக்கவில்லை.

ஊசி போடுவதைப் பற்றியோ படுக்கை விரிப்பதைப் பற்றியோ நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் நன்றாகச் செய்வீர்கள். செய்யாவிட்டால் அங்கே ஒருவர் உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். அந்த 'முகத்துக்கு நேராக' இருக்கிறதே, அதற்குத்தான் நம்மிடம் தடுப்பூசி இல்லை.

அந்த நாட்டில் ஒவ்வொரு குடிமகனும் சம்பளம் வாங்காத ஹெட் கான்ஸ்டபிள். போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதித் தோட்டத்தில் துணி துவைத்துக் காயப்போட்டோம். எதிர்வீட்டு அம்மாள் சாலையைக் கடந்து வந்து மணியடித்து, 'இன்று ஞாயிற்றுக்கிழமை' என்று தகவல் சொன்னார். நாங்கள் சிரித்து நன்றி சொன்னோம். போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்து மறுபடியும், 'இன்று ஞாயிற்றுக்கிழமை' என்றார். பாவம், வயதானவர், கிழமை மறந்துபோகிறது போலிருக்கிறது என்று கஸ்தூரி அவருக்காக வருத்தப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமை கொடியில் துணி தொங்கக் கூடாது என்பது அங்கே கிட்டத்தட்ட பதினோராவது கட்டளை என்று பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று. மதியம் ஆகிவிட்டால் தாழ்வாரத்தில் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் 'மால்ட்சைட்!' என்பார்கள். அகராதியைப் புரட்டினேன். சாப்பாட்டு வேளை என்று போட்டிருந்தது. அடடா, நம் ஊரைப் போலவே 'சாப்டியா?' என்று விசாரிக்கிறார்களே என்று நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நின்று விவரமாகப் பதில் சொல்லத் தொடங்கினேன்: இன்னும் இல்லை, கொஞ்சம் பொறுத்துத்தான் போவேன், இன்றைக்கும் உருளைக்கிழங்குதான், நீங்கள் சாப்பிட்டாயிற்றா, வீட்டில் என்ன சமையல்? அது வெறும் வணக்கம்தான் என்று எனக்குத் தெரியவருவதற்குள், எக்ஸ்ரே அறைக்காரர் நான் வரும் தாழ்வாரத்தை விட்டுவிட்டு மாடிப்படி வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்திருந்தார்.

கஸ்தூரி கொண்டுவந்த கருவாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பெட்டியிலும் இருக்கும் என்பதால். அவள் அதை விடுதிச் சமையலறையில் ஒரே ஒரு தடவைதான் வறுத்தாள். விடுதி மேற்பார்வையாளர் சாக்கடைக் குழாயில் எலி செத்துக் கிடக்கிறது என்று முடிவுகட்டிக் குழாய்க்காரரை வரவழைத்தார். அவர் தொட்டியைக் கழற்றித் தரையில் வைத்துக் குப்புறப் படுத்துத் தேடினார். அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவள் கஸ்தூரி. முகத்தில் அவ்வளவு அக்கறை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெர்மன்காரர்கள் ஆஸ்பத்திரி வார்டை 'ஷ்டாட்ஸியோன்' என்பார்கள். எழுத்துக் கூட்டினால் ஸ்டேஷன். முதல் நாள் எங்களைப் பிரித்து அனுப்பியபோது கஸ்தூரி கேட்டாள், "உன்ன எந்த ஸ்டேஷன்லடி போட்டாங்க? கவரப்பேட்டையா, பொன்னேரியா?" இரண்டு பேரையும் ஒரே ஸ்டேஷனில்தான் போட்டிருந்தார்கள். ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டு. அதன் தலைமை சிஸ்டர் ஒரு கன்னியாஸ்திரீ. பெயர் வேண்டாம். முகத்துக்கு முன்னால் அவர் எங்களுக்கு 'சிஸ்டர்', முதுகுக்குப் பின்னால் 'ஸ்டேஷன் மாஸ்டர்'. அவர் வந்தாலும் வண்டி ஓடும், போனாலும் ஓடும். தாமதம் மட்டும் கிடையாது.

அவர் எது சொன்னாலும் நாங்கள் 'யா' என்றோம். யா என்றால் ஆமாம். புரிந்தாலும் யா, பாதி புரிந்தாலும் யா, ஒன்றுமே புரியாவிட்டால் இரண்டு யா. இது பொய் இல்லை, பிள்ளைகளே. நாம் படித்த படிப்பு. நம் பள்ளிக்கூடத்தில் 'புரியல டீச்சர்' என்று சொன்ன பிள்ளை முட்டிபோட்டு நின்றது. 'புரிஞ்சிச்சி' என்று தலையாட்டிய பிள்ளை உட்கார்ந்துகொண்டது. எது புத்திசாலித்தனம் என்று மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டோம்.

அந்த மொழியில் முக்கியமான சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் வாலில் உட்கார்ந்திருக்கும். கொடு என்கிறாரா கொடுக்காதே என்கிறாரா என்பது கடைசியில்தான் தெரியும். வினைமுற்றுக்குக் காத்திருப்பது தமிழருக்கு என்ன புதிதா? ஆனால் பயந்தவர்கள் வாக்கியம் முடியும்வரை காத்திருக்க மாட்டார்கள். நடுவிலேயே ஒரு 'யா' போட்டு முடித்துவைத்துவிடுவார்கள்.

ஒரு காலையில் ஸ்டேஷன் மாஸ்டர், ஜன்னலோரக் கட்டில்காரரின் காலை உணவைப் பற்றிக் கஸ்தூரியிடம் நீளமாக ஏதோ சொன்னார். கஸ்தூரி 'காலை உணவு' வரை கேட்டாள். 'யா' என்றாள். போய் ரொட்டி, வெண்ணெய், ஜாம், அவித்த முட்டை என்று ஊட்டிவிடாத குறையாகக் கொடுத்தாள். அந்த மனிதருக்கு இன்னும் சற்று நேரத்தில் குடலிறக்க ஆபரேஷன். 'கொடுக்கக் கூடாது' என்பது வாக்கியத்தின் வாலில் இருந்தது. அவருக்கே தெரியாதா என்று கேட்காதீர்கள். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து பட்டினி கிடந்தவர். வந்த தட்டைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு உத்தமர் இல்லை.

ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் வார்டின் நடுவில், அத்தனை நோயாளிகளுக்கும் முன்னால், கஸ்தூரியை நிறுத்திக் கேட்டார்.

"புரிந்ததா என்று கேட்டேன். யா என்றாய்."

"யா."

"நான் என்ன சொன்னேன்?"

"யா."

எலும்பு முறிந்து, காலில் எடைக்கல் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒருவர் சிரித்த சிரிப்பில் கல் ஆடியது. ஸ்டேஷன் மாஸ்டர் சிரிக்கவில்லை. இன்றுமுதல் நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் யா சொல்லக் கூடாது என்றார். கேட்டதை உங்கள் வார்த்தையில் திரும்பச் சொல்ல வேண்டும். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், வேலையைப் பாருங்கள்.

அன்று விடுதிக்கு வந்ததும் கஸ்தூரி தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வீசினாள்.

"இன்னா திமிருடி அந்தம்மாவுக்கு! அத்தினி ஆம்பளைங்க முன்னால நிக்க வெச்சிக் கேக்குது. நான் இன்னா எல்.கே.ஜி. புள்ளையா, சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கினு கெடக்க?"

"நீ முட்டை குடுத்தியேடி."

"அந்தாளு என்னைப் பாத்த பார்வை அப்பிடி, ஸ்டெல்லா. பசியில கண்ணே கலங்கிப்போச்சி. நான் இன்னா பண்ணட்டும்?"

இரண்டு பேரும் அழுதோம். ஊருக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தோம். எந்த ஸ்டேஷனில் ஏறி எப்படிப் போவது என்று தெரியாததால் அந்த முடிவைத் தள்ளிவைத்தோம்.

மறுநாள் காலையில் ஸ்டேஷன் மாஸ்டர் கஸ்தூரிக்குத் தன் கையால் காபி ஊற்றிக் கொடுத்தார். நேற்று என்ற ஒரு நாள் நடக்கவேயில்லை என்பதுபோல் முகம். திட்டு வாங்கியதைவிட இது எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. நம் ஊரில் ஒருவர் ஒருவரைத் திட்டினால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டோம், சாவுக்குப் போக மாட்டோம், பேரப்பிள்ளைகள் காலம்வரை அந்தப் பகையைக் கட்டிக்காப்போம். அந்த அம்மாளுக்கோ முட்டையோடு கோபமும் முடிந்துவிட்டது. இவர்களுக்குச் சண்டைகூட ஒழுங்காகப் போடத் தெரியவில்லையே என்று கஸ்தூரி அங்கலாய்த்தாள்.

அடுத்த வருஷம் அதே வார்டில் ஒரு வாத்தியார் வந்து படுத்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருந்தார். தேறுவதைவிட என்னைத் திருத்துவதுதான் அவருக்கு முக்கியம். நமக்கு அஃறிணை என்று ஒரு புண்ணியமான ஏற்பாடு இருக்கிறது. அவர்களுக்குக் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. நான் எதையாவது கொண்டுபோய்க் கொடுத்துப் பேர் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே ஆண்பால் பெண்பாலைத் திருத்திச் சொல்வார். தலையணைக்கு, தண்ணீர்க் கோப்பைக்கு, மாத்திரைக்கு. வலியில் முனகும்போதுகூட, முனகலை நிறுத்தி, திருத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து முனகுவார். எனக்கு அவரைப் பிடிக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பார்வையாளர்கள் போய்விட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ஜெபத்துக்குப் போயிருந்தார். வார்டில் நானும் கஸ்தூரியும்தான். டாக்டர்கள் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை காபியும் கேக்கும் பூசைக்குச் சமானம். பூசையைக்கூட இடையில் நிறுத்தலாம்.

வாத்தியாருக்குத் தேநீர் கொண்டுபோனேன். கோப்பைக்கு ஆண்பால் பெண்பாலை மாற்றிச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தூங்குகிறாரோ என்று பார்த்தேன். விழித்திருந்தார். தட்டைக் காட்டி அதற்கும் தப்பாகவே சொன்னேன், இந்தத் தடவை வேண்டுமென்றே. 'பரவாயில்லை, பெண்ணே' என்றார்.

அந்த மனிதர் 'பரவாயில்லை' சொல்கிற ஜாதி இல்லை. கையைத் தொட்டேன். சில்லென்று ஈரமாக இருந்தது. நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் காலையில் இருந்ததைவிட இறங்கியிருந்தது. வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறார். காய்ச்சலும் இல்லை. கட்டு சுத்தமாக இருக்கிறது. காலையில்தான் டாக்டர் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"இன்னாடி மூஞ்சி இப்பிடி கீது?" என்றாள் கஸ்தூரி.

"வாத்தியார் என்னைத் திருத்தல."

அவள் ஓடிப்போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தாள். "ஸ்டெல்லா, எங்க பெரியப்பா ஒருக்கா இப்பிடித்தான் அமைதியானாரு. போன் பண்ணு. நான் இங்க நிக்கிறேன்."

போனில் டாக்டர் வந்தார். பின்னால் கரண்டிச் சத்தம். நான் நாடியைச் சொன்னேன், அழுத்தத்தைச் சொன்னேன். வலி இருக்கிறதா? இல்லை என்கிறார். காய்ச்சல்? இல்லை. கட்டுத் துணியில் ரத்தம்? இல்லை. பிறகு என்னதான் பிரச்சினை? எனக்குத் தெரியவில்லை டாக்டர் என்றேன். வாத்தியார் என் தப்பைத் திருத்தவில்லை என்றும் சொன்னேன். மறுமுனையில் அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார். அந்தச் சத்தத்தில் அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தார் என்று எனக்குக் கேட்டது.

"ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் இப்படியே இருந்தால் கூப்பிடுங்கள். யா?"

பிள்ளைகளே, என் உடம்பிலுள்ள ஒவ்வொரு எலும்பும் 'யா' என்று சொல்லத் தயாராக இருந்தது. ஏர் ஓட்டியவர் மகள், கறுத்த பெண், பாதி மொழி, ஞாயிற்றுக்கிழமை, கேக். ஒரு டாக்டரிடம் அதற்கு முன் என் வாழ்நாளில் நான் இல்லை என்று சொன்னதில்லை. 'யா' சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. வாத்தியாருக்கும் சீக்கிரத்தில் நிரந்தர நிம்மதி கிடைத்திருக்கும்.

"நைன்" என்றேன். கூடாது. இப்போதே வாருங்கள்.

குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை அது கத்தலாக வந்தது.

வந்தார். கோட்டில் கேக் துகள். முகத்தில் ஒரு கடுகடுப்பு. வாத்தியாரின் வயிற்றில் கையை வைத்ததும் கடுகடுப்பு போய்விட்டது. பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். உள்ளே தையல் விட்டு ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் மறுபடி வயிற்றைத் திறந்து மூடினார்கள். பிழைத்துக்கொண்டார்.

டாக்டர் மட்டமானவர் என்று நான் சொல்லவரவில்லை. காலையில் அவர் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. போனில் அவருக்குக் கிடைத்தது அரைகுறை ஜெர்மனில் நாலு விவரம். எனக்கும் என்னவென்று தெரியாது. ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரியும். என்னவென்று தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிற நர்ஸ், பெரும்பாலும் உறவினர்களிடம்தான் அதைச் சொல்வாள்.

மறுநாள் ஸ்டேஷன் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். கஸ்தூரி என் காலரைச் சரிசெய்து அனுப்பினாள். பாராட்டு வரும், கேக்காவது வரும் என்று போய் நின்றேன்.

"போனில் நாடியைத் தப்பாகச் சொல்லியிருக்கிறாய்" என்றார். அவர்கள் முப்பத்திரண்டை 'இரண்டும் முப்பதும்' என்பார்கள். நான் அவசரத்தில் எண்ணைத் தலைகீழாக்கியிருந்தேன். உண்மையில் இருந்ததைவிடக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். அதனால் டாக்டருக்கு அவசரம் தெரியவில்லை. இனிமேல் போனில் ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்துச் சொல். திரும்பச் சொல்லிக் காட்டு. காட்டினேன். பிறகு அவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். தலை நிமிராமல், "மற்றபடி, சரி" என்றார்.

நான் அங்கே இருந்த அத்தனை வருஷத்திலும் அவரிடம் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான்.

"அம்புட்டுத்தானா?" என்றாள் கஸ்தூரி. "உசுர காப்பாத்திக் குடுத்துக்கீற. நம்ம ஊரா இருந்தா ஆரத்தி எடுத்துருப்பாங்கடி."

நம் ஊராக இருந்தால் ஆரத்தி எடுத்திருப்பார்கள். நாடியைத் தப்பாகச் சொன்னதை யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அடுத்த நோயாளிக்கும் நான் தலைகீழாகவே சொல்லியிருப்பேன். வாத்தியாரோ பிழைத்து எழுந்ததும் முதல் வேலையாக, என் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடுகிறது என்று நிர்வாகத்துக்குப் புகார் செய்தார். நன்றியை எதிர்பார்த்து நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் இப்போதே பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எழுபதுகளின் நடுவில் நான் திரும்பி வந்தேன். அம்மாவுக்கு முடியவில்லை. கஸ்தூரி வரவில்லை. அவள் அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டு, கருவாடு வறுக்கத் தனிச் சமையலறையும் வாங்கிவிட்டாள். போகும்போது சொல்லிக்கொடுக்க எனக்குச் சாமியார் இருந்தார். திரும்பி வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் கிடையாது. வந்த வாரமே சித்தி வீட்டுச் சாம்பாரில் உப்பு அதிகம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். அந்தக் கிளையோடு போக்குவரத்து அத்தோடு நின்றது.

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கம்பித் தொழிற்சாலை வந்திருந்தது. உலை ஜெர்மனியிலிருந்து வந்தது. அதை நிறுவ இஞ்சினியர் ஒருவரும் ஜெர்மனியிலிருந்தே வந்தார். முதலுதவி அறைக்கு நர்ஸும் வேண்டும், ஜெர்மன் பேச ஆளும் வேண்டும். ஒரே ஆளிடம் இரண்டும் கிடைத்ததில் மேனேஜருக்குப் பரம திருப்தி.

அந்த இஞ்சினியரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். காரம், கொசு, ஆந்திரா லாரிகளின் ஹாரன், இதையெல்லாம் தாங்கிக்கொண்டார். அவரால் தாங்க முடியாதது நம் 'ஆமா சார்'. போல்ட் முடுக்கியாயிற்றா? ஆமா சார். வால்வைச் சோதித்தாயிற்றா? ஆமா சார். நாளைக்கு முடியுமா? ஆமா சார். கேள்வியை அவர் கேட்பார், நான் தமிழில் சொல்வேன், மேஸ்திரி ஆமா என்பார், நான் யா என்று திருப்பிச் சொல்வேன். நானும் கஸ்தூரியும் ஜெர்மனியில் உதிர்த்த அத்தனை யாவும் கப்பலேறி வந்து கவரைப்பேட்டையில் இறங்கிவிட்டதுபோல் இருந்தது.

உலையைச் சோதித்து ஓட்டிய நாளன்று நல்ல கத்தரி வெயில். பிற்பகலில் டைரக்டர்கள் வருவதாக ஏற்பாடு. வாசலில் வாழைமரம் கட்டி, தட்டில் மாலை வைத்திருந்தார்கள். உலைக்குக் கீழே ஒரு குழி. கரியிலிருந்து எடுக்கிற வாயுவைத் திறந்து மூடும் வால்வுகள் அதற்குள் இருந்தன. காலையில் அதில் இறங்கிய ஒருவன் தலைவலி மாத்திரை கேட்டு என்னிடம் வந்தான். கொடுத்தேன். மதியம் ஏழுமலை இறங்கினான். புதுவாயல் பக்கத்து ஆள், அமைதியானவன். ஏறி வந்து வாந்தி எடுத்தான், இரண்டடி நடந்தான், கால் துவண்டு விழுந்தான்.

நான் ஓடிப்போனபோது ஆட்கள் சுற்றி நின்று விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"நாஷ்டா துன்னாம வந்துக்கீறான், அதான் சாஞ்சிட்டான்" என்றார் மேஸ்திரி. "மோரு குடுத்தா எழுந்துக்குவான் சிஸ்டர்."

ஏழுமலை கண்ணைத் திறந்து, "தல பொளக்குது சிஸ்டரம்மா" என்றான்.

ஒரே குழி. காலையில் ஒரு தலைவலி, மதியம் ஒரு தலைவலி. ஜெர்மனியில் குளிர்காலத்தில் கரியடுப்பை மூட்டிவிட்டு ஜன்னலை அடைத்துக்கொண்டு படுத்த குடும்பங்களைக் கொண்டுவருவார்கள். இதே தலைவலி, இதே வாந்தி, இதே துவண்ட கால். சில குடும்பங்களில் தலை வலிக்கிறது என்று சொல்ல ஆளே மிஞ்சியிருக்காது. அந்த வாயுவில் ஆளைக் கொல்லும் பகுதிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அவனை வெளியே காற்றில் கிடத்தச் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். மேஸ்திரி அடுத்த ஆளைக் குழிக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார். அவன் ஏணியில் கால் வைத்துவிட்டான்.

அந்த நேரத்தில் இஞ்சினியர் வந்து, ஏன் நின்றுவிட்டது என்று கேட்டார். மேனேஜர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"சிஸ்டர், ஆளு சாப்பிடாம வந்து மயங்கிட்டான், அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சிடலாம்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். டைரக்டருங்க கிளம்பியாச்சு."

நான் அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். இஞ்சினியர் 'யா' என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். கடைசியில் அவருக்கும் நம் தண்ணீர் சேர்ந்துவிட்டது.

"நைன்" என்றேன். "இது அவர் சொன்னது. இனி நான் சொல்வது. குழியில் வாயு இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரே தலைவலி. இப்போது மூன்றாவது ஆள் இறங்குகிறான்."

இஞ்சினியர் ஏணியைப் பார்த்து 'ரௌஸ்!' என்று ஒரு கத்துக் கத்தினார். வெளியே வா என்று அர்த்தம். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஏணியில் இருந்தவன் இறங்கியதைவிட வேகமாக ஏறினான். உலையை நிறுத்தினார்கள். ஏழுமலையைக் கம்பெனி ஜீப்பில் போட்டு, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். எதிரே டைரக்டர்களின் கார்கள் வந்துகொண்டிருந்தன.

வால்வு ஒன்றில் கசிவு. 'சோதித்தாயிற்றா' என்று கேட்டு, 'ஆமா சார்' என்று வாங்கி, நான் 'யா' என்று மொழிபெயர்த்துக் கொடுத்த வால்வு.

ஏழுமலை பிழைத்துக்கொண்டான். உலையை ஒரு வாரத்துக்கு மேல் மூடிவைத்தார்கள். மாலையைச் சுவாமி படத்துக்குப் போட்டார்கள். மேனேஜர் என்னைத் திட்டவில்லை. அது ஜெர்மனியில்தான் நடக்கும். 'நம்ம சிஸ்டர் ரொம்ப ஜெர்மனா ஆயிட்டாங்க' என்று எல்லோரிடமும் சிரித்தபடி சொன்னார். மெட்ராஸில் மாலை வகுப்பில் ஜெர்மன் படித்த ஒரு பையனை மொழிபெயர்க்கக் கொண்டுவந்தார். அவன் இரண்டு பக்கத்துக்கும் இனிமையாக யா சொன்னான்.

ஏழுமலையின் மனைவி முதலுதவி அறைக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று, ஜெர்மனியில் பட்டும் புத்தி வராத நான், நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"இன்னாம்மா, நீதான் ஆலைய நிறுத்தினியாமே? வேலயில்லாம ஊரே ஊட்ல குந்திக்கினு கீது. எல்லாம் என் ஊட்டுக்காரரால வந்துச்சின்னு தண்ணிக் கொழாயாண்ட என்னைப் பேசறாளுங்க. பேஜாராப் போச்சி. கம்முனு ஒரு ஊசி போட்டு அனுப்பியிருந்தா ஆவாதா?"

போட்டு அனுப்பியிருந்தால் அவள் வந்து கேட்கும் கேள்வி வேறாக இருந்திருக்கும். அதை அவளிடம் சொல்ல எனக்கு எந்த மொழியிலும் வாய் வரவில்லை. அவர் தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். 'தூங்கறாரு' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உலையை மறுபடி ஓட்டும் நாள் வந்தது. நான் முதலுதவிப் பெட்டியோடு ஓரமாக நின்றேன். இந்தத் தடவை பேச எனக்கு அனுமதி இல்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வால்வெல்லாம் மாற்றியாயிற்று, யா, யா என்று பையன் சொல்லிக்கொண்டிருந்தான். மேஸ்திரி ஏழுமலையைப் பார்த்து இறங்கு என்றார்.

ஏழுமலை குழி ஓரத்தில் போய் நின்றான். ஏணியைப் பிடித்தான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"எறங்க மாட்டேன் மேஸ்திரி."

சத்தம் போடாமல்தான் சொன்னான். ஆனால் அந்தக் கொட்டகையில் அப்படியொரு வாக்கியத்தை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூடிய தொறந்துவுட்டுப் பெரிய ஃபேன வெச்சிக் காத்தடிக்கட்டும். வால்வு நல்லா கீதான்னு வெள்ளைக்காரரே வந்து பாக்கட்டும். அப்பால எறங்கறேன்."

மேஸ்திரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். 'என்ன சொல்கிறான்?' என்று இஞ்சினியர் கேட்க, பையன் திருதிருவென்று விழித்தான். அவன் படித்த பாடத்தில் 'மாட்டேன்' வரவில்லைபோல. ஏழுமலையே குழியைக் காட்டி, மூக்கைப் பொத்திக் காட்ட, இஞ்சினியருக்குப் புரிந்துவிட்டது. கடைசியில் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார்கள். இஞ்சினியர் குனிந்து, ஏணியில் பாதி இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். அரை நாள் போயிற்று. உலகம் நின்றுவிடவில்லை.

மேஸ்திரிக்கு மட்டும் ஆற்றாமை தீரவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னாடா, ரொம்பத்தான் பயந்துகினு கீற?" என்றார்.

"ஆமா மேஸ்திரி, பயமாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு, ஏழுமலை ஏணியில் காலை வைத்தான்.

அந்தத் தொழிற்சாலையில் நான் கேட்ட முதல் உண்மையான 'ஆமா' அதுதான்.